மூன்றடிக் கடல்நீர்த் தொட்டியில் எந்த மீனோடு எந்த மீனை விடலாம்?

தம்பி, நீங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியிலிருந்து கேட்டிருப்பது சுருக்கமாக இது. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியில் தென்கடல் (மன்னார் வளைகுடா) நீரை நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டுப் பத்து நாள் ஆகிறது. நீமோ ஒரு ஜோடி, டோரி ஒன்று, டாமினோ நான்கு, சிங்கமீன் ஒன்று, கிடைத்தால் கடற்குதிரை இரண்டு விட ஆசைப்படுகிறீர்கள். கரைவலைக்குப் போகும் உங்கள் மாமா வலையில் ஏறும் வண்ணக் குஞ்சுகளைச் சும்மாவே தருவதாகச் சொல்லியிருக்கிறார். இவை எல்லாம் ஒன்றாக இருக்குமா என்பதுதான் உங்கள் கேள்வி.

இருக்காது. உங்கள் பட்டியலில் இந்தத் தொட்டிக்குப் பொருந்துவது நீமோ ஜோடி மட்டுமே. மற்றவற்றை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன். காரணம் புரிந்துவிட்டால், நாளை கடையில் பெயர் தெரியாத ஒரு மீனைக் காட்டினாலும் அது ஆகுமா ஆகாதா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

தோணித்துறைப் பக்கம் வடகடல் (பாக் விரிகுடா) அலையற்றுக் கிடக்கும் நாட்களில் முகக்கண்ணாடி அணிந்து பவளப்பார்மேல் மிதந்து பார்த்திருக்கிறீர்களா? சொளகு அகலமே உள்ள ஒரு பவளத்தலையில் விரல் நீள டாம்செல் மீன் ஒன்று (நீங்கள் கேட்ட டாமினோவும் இந்தக் குடும்பம்தான்) குடியிருக்கும். தன்னைப்போல் பத்து மடங்கு பெரிய கிளிமீன் அந்தப் பக்கம் வந்தாலும் பாய்ந்து அதன் வாலைக் கடிக்கும். கிளிமீன் இரண்டு முழம் விலகிப் போய்விடும், அதோடு சண்டை முடிந்துவிடும். கடலில் மீன்கள் ஒன்றையொன்று விரட்டுவது நாள் முழுவதும் நடப்பது. அங்கே எந்த மீனும் அதனால் சாவதில்லை, ஏனென்றால் விரட்டப்பட்ட மீனுக்கு விலகிப் போக இடமுண்டு. உங்கள் தொட்டியில் அந்த இரண்டு முழம் இல்லை. தொட்டி நிறையப் பிடிக்கும் நீர் ஏறத்தாழ 190 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 150 லிட்டர் தேறினால் அதிகம். விரட்டப்பட்ட மீன் கண்ணாடியில் முட்டித் திரும்பினால், விரட்டிய மீனின் எதிரிலேயே மறுபடியும் வந்து நிற்கும். எந்த மீனோடு எந்த மீன் சேரும் என்ற கணக்கு முழுவதும், தோற்ற மீன் எங்கே போய் ஒதுங்கும் என்ற இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் தொட்டியும் உங்களுடையதைப் போல மூன்றடிதான். விலை குறைவு, எளிதில் சாகாது, புதுத் தண்ணீரைப் பழக்க இதுவே சரி என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, முதல் மீனாக நான்கு டாமினோவை விட்டேன். நெற்றியில் ஒன்றும் விலாவுக்கு ஒன்றுமாக மூன்று வெள்ளைப் பொட்டு வைத்த அந்தக் கறுப்புக் குஞ்சுகள் பார்க்க அத்தனை அழகாக இருந்தன. மூன்றாவது வாரம் ஒன்றுதான் மிஞ்சியது. மற்ற மூன்றும் வால் கிழிந்து, செதில் உதிர்ந்து, ஒவ்வொன்றாகச் செத்தன. தனியாக நின்ற டாமினோ தொட்டி முழுவதையும் தன் பவளத்தலையாக எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வாங்கிவந்த ஃபயர்ஃபிஷ், அந்த வெள்ளையும் சிவப்புமான மெல்லிய மீன், முதல் மணி நேரத்திலேயே ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த விரற்கடை இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டது. முதுகில் நிமிர்ந்து நிற்க வேண்டிய நீண்ட துடுப்பு உடலோடு ஒட்டியிருந்தது, செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. இரை போட்டபோது அது தலையை வெளியே நீட்டவும், டாமினோ வந்து இடிக்கவும், மறுபடி உள்ளே போகவுமாக இருந்தது. மறுநாள் காலையில் தொட்டிக்குப் பின்புறத் தரையில் எறும்பு மொய்க்கக் கிடந்தது. நோய் இல்லை, தண்ணீரிலும் குறையில்லை. ஓட இடமில்லாத மீன், இருந்த ஒரே வழியாகத் தண்ணீரை விட்டு வெளியே ஓடியது. அந்தச் சாவுக்குக் காரணம் நான் மீன்களை விட்ட வரிசைதான் என்று பின்னால் புரிந்தபோது மிகவும் வருந்தினேன். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனவே டாமினோ வேண்டாம். வரிவரியாக இருக்கும் அதன் உறவுக்கார டாம்செல்லும் வேண்டாம். டாம்செல் வளர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் வால் மஞ்சளான நீல டாம்செல் ஓரளவு சாதுவானது. அதிலும் ஒன்றே ஒன்று, எல்லா மீனும் குடியேறிய பின் கடைசியாக.

சிங்கமீனின் காரணம் வேறு, அதில் சண்டையே இல்லை. கடல்மீன் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வண்ணத்தை அல்ல, வாயை. ஒரு மீனின் வாய்க்குள் அடங்கும் எதுவும் அதற்கு இரைதான், கூட்டாளி ஆகாது. சிங்கமீன் பகலெல்லாம் துடுப்பை விசிறிபோல் விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கும், பக்கத்தில் நீந்தும் நீமோவைத் திரும்பியும் பார்க்காது. நீங்களும் இரண்டும் சேர்ந்துவிட்டன என்று நினைப்பீர்கள். விளக்கு அணைந்த ஓர் இரவில் நீமோ ஒன்று குறைந்துவிடும். சிங்கமீனின் வாய் அதன் தோற்றத்தைப் பார்த்து நாம் எண்ணுவதைவிட மிகப் பெரிதாகத் திறக்கும். அதன் முதுகு முள்ளில் நஞ்சு இருப்பதால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் அது ஏற்றதல்ல. களவாக் குஞ்சுக்கும் இதே வாய்க்கணக்குதான். விரல் நீளத்தில் புள்ளி வைத்து அழகாக இருக்கும் களவா, ஆறு மாதத்தில் தொட்டியில் தன்னைத் தவிர எதையும் விட்டுவைக்காது.

டோரி என்று நீங்கள் சொல்லும் நீல டேங் மீன் குணத்தில் கெட்டதல்ல. ஆனால் அது நீந்தி வாழும் மீன், முழு வளர்ச்சியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வரும். கடையில் இரண்டு அங்குலக் குஞ்சாகக் காட்டி, தொட்டி அளவுக்குத்தான் வளரும் என்று சொல்வார்கள். மீன் அப்படி வளர்வதில்லை. இடமில்லாத மீன் நலிந்து, நோய்ப்பட்டு, வளர்வதற்குள் சாகும். அதைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சு உருவாகியிருக்க வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய் எல்லா மீனுக்கும் வரும் என்றாலும் முதலில் இதற்குத்தான் வரும். ஆறடித் தொட்டி வைக்கும் நாளில் டோரியை நினையுங்கள்.

கடற்குதிரையைப் பற்றி இரண்டே வார்த்தை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். நம் கரையில் இதற்காக வழக்கில் சிக்கியவர்களை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பவளத்துக்கும் அதே சட்டம்தான். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் காய்ந்த பவளக்கல்லைக்கூடத் தொட்டிக்கு எடுக்காதீர்கள், மீன் நிறுவனங்கள் விற்கும் செயற்கைப் பீங்கான் கல் போதும்.

மாமா தரும் குஞ்சுகளுக்கு வருவோம். அன்பாகக் கொடுப்பதை மறுப்பது சங்கடம்தான், ஆனாலும் மறுத்துவிடுங்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் ஏற்பட்டது. தூத்துக்குடிக்கும் நமக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் அதற்குள் அடங்கும், அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. பூங்காவுக்கு வெளியே பிடித்ததாகவே இருந்தாலும், வலையில் உரசிய மீனின் மேல்வழும்பு போய்விடும். அந்த வழும்புதான் அதன் முதல் தோல், அது போன மீனைக் கிருமி எளிதில் பிடிக்கும். இவை எல்லாவற்றையும்விட, கரைவலையில் வரும் வண்ணக் குஞ்சுகளில் பெரும்பாலானவை வீட்டுத் தொட்டிக்கு ஆகாத இனங்கள். ஓரா சைவமான மீன், பாசி மேய்ந்து பிழைக்கும், பிறரைத் தொந்தரவு செய்யாது. ஆனால் அதுவும் ஓரடி வளரும், அதன் முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிளாத்தியின் பல் கல்லையே கொறிக்கும். ஹீட்டர் வயரைக் கடித்த கிளாத்தியை நானே பார்த்திருக்கிறேன். பேத்தைக்கு நண்டும் இறாலும் நத்தையும் தான் சாப்பாடு. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பலவும் பவளப்பூச்சியைத் தின்று வாழ்பவை, குளிகை இரையைத் தொடாமல் பட்டினியாகவே சாகும். பெட்டிமீன் மிரண்டால் தோலிலிருந்து நஞ்சைக் கக்கும். கடலில் அது கரைந்து போகும், 150 லிட்டரில் தானும் செத்து மற்றவற்றையும் கொல்லும்.

இனி விடத்தக்கவை. நம்மூரில் ஒரே மனைக்கு இரண்டு பேர் பட்டா கேட்டால்தான் வழக்கு வரும். மீனிலும் அப்படித்தான். ஒரே இனம், ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே இரை, ஒரே தங்குமிடம் என்று எவ்வளவு ஒற்றுமை இருக்கிறதோ அவ்வளவு பகை வரும். ஆகவே ஒன்றுக்கொன்று ஒப்பில்லாத மீன்களாகத் தேர்ந்தெடுத்து, தரைக்கு ஒன்று, நடுநீருக்கு ஒன்று, கல் இடுக்குக்கு ஒன்று என்று இடத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் நீமோ, அதாவது கோமாளி மீன். இதில் இனத்தைக் கேட்டு வாங்குங்கள். நம் கடலுக்கே உரிய செபே என்ற இனம் அரையடிக்குப் பக்கம் வளரும், வளர்ந்த பின் முரட்டுத்தனம் மிகுதி. ஒசெல்லாரிஸ் என்ற ஆரஞ்சு இனம் பெரும்பாலும் மூன்றரை அங்குலத்தைத் தாண்டாது, சாதுவானது. உங்கள் தொட்டிக்கு இதுவே சரி. இரண்டு இனத்தையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகப் பிறப்பவை. கூட்டத்தில் வலியது பிறகு பெண்ணாக மாறும். சம அளவில் இரண்டு வாங்கினால் யார் பெரியவர் என்று தீரும்வரை வாரக்கணக்கில் அடித்துக்கொள்ளும். ஒன்று பெரிதாகவும் ஒன்று தெளிவாகச் சிறிதாகவும் வாங்கி, இரண்டையும் ஒரே நாளில் விட்டால், சிறியது உடலைச் சாய்த்துச் சிலிர்த்துக் காட்டி அடங்கிவிடும். அந்தச் சிலிர்ப்பைப் பார்த்துவிட்டால் ஜோடி சேர்ந்தது என்று கொள்ளலாம். பண்ணையில் பொரித்த மீனாகவே வாங்குங்கள். கோமாளி மீனைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் பல ஆண்டுகளாகச் செய்து பார்த்துப் பலருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறது. உங்களுக்கு அது எட்டிப்போகும் தூரம்தான், ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். பண்ணை மீன் குளிகை இரைக்குப் பழகியிருக்கும், கடல் ஒட்டுண்ணிகளைப் பெரும்பாலும் சுமந்து வராது, கடலில் கோமாளிக்கு வீடாக இருக்கும் பூப்போன்ற உயிரியான கடல் சாமந்தி இல்லாமலே நிம்மதியாக இருக்கும். கடல் சாமந்தியை இப்போதைக்கு விடவே வேண்டாம். புதுத் தொட்டியில் அது இடம் பிடிக்காமல் நகர்ந்துபோய் மோட்டார் வாயில் சிக்கும். விரிப்பு போலப் படரும் வகை, கோமாளியைத் தவிர மற்ற சிறு மீன்களைப் பிடித்தே தின்றுவிடும்.

தரைக்கு வாட்ச்மேன் கோபி என்ற மஞ்சள் மீன் ஒன்றும், அதோடு சொடுக்கு இறால் ஒன்றும் விடுங்கள். எனக்கு இந்த ஜோடியைப் பார்க்கச் சலிப்பதே இல்லை. இறாலுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. அது நாள் முழுவதும் மணலை அள்ளி வளை தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் மீசைகளில் ஒன்றைக் கோபியின் உடலில் தொட்டபடியே வரும்; ஆபத்து தெரிந்தால் கோபி வாலை ஒருமுறை படபடவென்று அசைக்கும், அடுத்த கணம் இறால் உள்ளே இருக்கும். நடுநீருக்குப் பைஜாமா கார்டினல் இரண்டு. பெரிய கண்ணும் பின்னுடல் முழுக்கப் புள்ளியுமாக, ஒரே இடத்தில் மிதந்து நிற்கும் சாதுவான மீன், மாலைக்கு மேல்தான் சுறுசுறுப்பு வரும். அப்புறம் நான் இழந்த அதே ஃபயர்ஃபிஷ் ஒன்று, இடுக்குகளுக்கு. அது துள்ளும் மீன், ஆகவே தொட்டிக்கு மேலே சட்டமடித்துக் கொசுவலை போட்ட பிறகே அதை வாங்குங்கள். கண்ணாடி மூடி வேண்டாம். வெப்பத்தை அடைத்து வைக்கும்.

மொத்தம் ஆறு மீன். 150 லிட்டருக்கு இன்னும் இரண்டு மூன்று விடலாம் என்று குளிர்நாட்டுக் கணக்கில் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் எத்தனை மீன் என்பதைச் சித்திரை வெயிலில் மின்சாரம் நின்ற ஒரு பிற்பகலை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். இந்த மீன்களுக்கு 25 முதல் 27 டிகிரி உகந்தது. அக்கினி நட்சத்திரத்தில் நம் வீட்டு அறையே 34, 35 டிகிரிக்குப் போகும். நீர் சூடேற ஏறக் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும், மீனுக்கோ அப்போதுதான் கூடுதலாகத் தேவைப்படும். மோட்டார் நின்றால் ஆறு மீனுக்குத் தாங்கும் நீர் ஒன்பதுக்குத் தாங்காது. பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாய் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள், நீர்மேல் வீசும்படி சிறு மின்விசிறி ஒன்றையும் பொருத்துங்கள். விசிறி ஓடினால் ஒரு நாளில் ஒன்றிரண்டு லிட்டர் வற்றும். வற்றுவது நல்ல நீர், உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே ஈடுசெய்ய ஆர்ஓ நீரைத்தான் ஊற்ற வேண்டும், கடல்நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். உப்பளவு மானியில் 1.023க்கும் 1.025க்கும் நடுவே நிறுத்துங்கள்.

கடல் பக்கத்தில் இருப்பதால் நீர் நமக்குச் சும்மா கிடைக்கிறது. ஆனாலும் பார்த்து எடுக்க வேண்டும். படகுத்துறை ஓரத்தில் டீசல் இருக்கும். வாடைக்காலத்து மழையில் வடகடல் கலங்கி, உப்பும் இறங்கிவிடும். 2019 செப்டம்பரில் தென்கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி நுண்பாசி பெருகிய நாட்களில் ஒரு குடம்கூட எடுக்கக் கூடாது. தெளிந்த நாளில் எடுத்த நீரைத் துணியில் வடித்து, மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் வைத்துப் பிறகு ஊற்றுங்கள்.

பத்து நாள் ஆயிற்று என்றீர்கள். போதாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர் கல்லிலும் வடிகட்டியிலும் படிய நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். இறால் துண்டு ஒன்றைப் போட்டு அழுகவிட்டு, சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறிப் பிறகு இரண்டுமே பூச்சியம் காட்டும்வரை காத்திருங்கள். இதற்காக உயிருள்ள மீனை விடுவது கொடுமை. அதற்கென்று விடப்படும் டாம்செல்தான் பிறகு தொட்டிக்கு எஜமானாகவும் ஆகிறது.

காத்திருக்கும் அந்த நாட்களில் ஒன்றரை அடித் தொட்டி ஒன்றைத் தனியாக வாங்கி, பஞ்சு வடிகட்டி போட்டு வையுங்கள். எந்த மீன் வந்தாலும் நான்கு வாரம் அதில் தனித்திருந்து, வெள்ளைப்புள்ளி இல்லை, நன்றாக இரை எடுக்கிறது என்று தெரிந்த பிறகே பெரிய தொட்டிக்குப் போக வேண்டும். வெள்ளைப்புள்ளி பெரிய தொட்டியில் ஒருமுறை புகுந்துவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்து, பத்து வாரம் தொட்டியை மீன் இல்லாமல் ஓடவிட்டால்தான் தீரும். அதற்குப் போடும் செம்பு மருந்து இறாலைக் கொன்றுவிடும் என்பதால் பெரிய தொட்டியிலேயே மருந்து போடவும் வழியில்லை.

இரைக்கு உங்களுக்கு ஒரு வசதி உண்டு. கரையில் கிடைக்கும் கூனி இறாலைக் கழுவி, சிறு பொட்டலங்களாகக் கட்டி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்துவிட்டுக் கொடுங்கள். குளிகை இரையோடு மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதும். போடும்போது ஒரே மூலையில் கொட்டாமல் இரண்டு பக்கமாகப் பிரித்துப் போடுங்கள். கோமாளி முந்தி வந்து தின்னும், கார்டினல் நிதானமாகத்தான் வரும்.

விடும் வரிசையில் தவறினால் நல்ல தேர்வும் கெட்டுவிடும். மிகவும் சாதுவானது முதலில் போய் இடம்பிடிக்க வேண்டும். ஃபயர்ஃபிஷ் முதலில், இரண்டு மூன்று வாரம் கழித்துக் கார்டினல்கள், பிறகு கோபியும் இறாலும், கடைசியாகக் கோமாளி ஜோடி. நீங்கள் முதலில் வாங்க ஆசைப்பட்டதே கடைசியில் வருகிறது என்று வருந்த வேண்டாம். கோமாளி தனக்குப் பிடித்த மூலையைத் தேர்ந்துகொண்டு அதைக் காக்கத் தொடங்கும் மீன், ஆகவே பிறர் குடியேறிய பிறகு வருவதே நல்லது. ஒவ்வொரு முறையும் விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள், மறுநாள் காலையில் எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று இன்னொன்றை விடாமல் துரத்தினால், அடிபடும் மீனைப் பிடித்து வெளியே வைக்காதீர்கள். அது திரும்பி வரும்போது மறுபடியும் புதியதாகவே வரும், அடியும் மறுபடி விழும். துரத்தும் மீனைப் பிடித்துத் தனித்தொட்டியில் ஐந்தாறு நாள் வையுங்கள். அதற்குள் பெரிய தொட்டியின் கற்களை இடம் மாற்றி, ஒரு குகை இருந்த இடத்தில் இரண்டாக அடுக்கிவிடுங்கள். திரும்பி வரும்போது தன் பழைய மூலை எது என்று அதற்கே தெரியாமல், கண்ணாடி ஓரமாக மெல்லச் சுற்றி வந்து இடம் தேடும்.